பொட்டு இல்லாத வால்வு

அத்தியாயம் 6

"எழுந்து நில்லு நீனோ, அது நாற்காலி இல்ல" என்றாள் மெரில் ட்ரெவின்.

மிலன் யூரிச்சின் கொட்டகையில் ஒரு கேஸ் சிலிண்டர்மேல் முக்கால்வாசி உட்கார்ந்திருந்த நீனோ அசையவில்லை.

"காலி சிலிண்டர்னா நாற்காலி மாதிரிதானே பாஸ்?"

"அது காலி இல்ல. வாயில இருக்கிற மூடியக்கூட யாரும் பிரிக்கல."

நீனோ குனிந்து பார்த்தான். கடையில் கொடுத்தபடியே சிவப்பு பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. ஒன்பது கிலோ கேஸின் மேல் உட்கார்ந்துகொண்டு சிகரெட்டைத் தேடிய தன் கையை அவன் மரியாதையாகப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்தான்.

மெரில் பத்தொன்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்துகளைத் துருவியவள். எரிந்த வீட்டைப் பார்த்து, வீட்டுக்காரர் அழுவதற்கு முன்பே காரணத்தைச் சொல்லிவிடுவாள் என்று பெயர். அந்தக் காரணம் பல தடவை வீட்டுக்காரர் பக்கமே நின்று கம்பெனிக்குப் பணச் செலவு வைத்ததால் வேலையை விட்டு, வாண்டில்லா ஊர் பேக்கரியின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். நீனோ பால்தெசாரி புகையிலை விவசாயியின் மகன். பள்ளத்தாக்கில் புகையிலை ஒழிந்தபின் பழைய கார் விற்றான், கல்யாண வீடியோ எடுத்தான், இரண்டிலும் ஆட்கள் திரும்பி வந்து சண்டை போட்டார்கள். இப்போது எட்டு மாதமாக மெரிலின் உதவியாளன். அதில் ஏழு மாதம் காணாமல்போன நாய்களைத் தேடியே கழிந்திருந்தது.

இந்த வழக்கில் நாய் இல்லை. மிலன் யூரிச் இருந்தார். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடமாக ஊருக்கே கேஸ் இணைப்பு போட்டுக் கொடுப்பவர். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய உரிமம் பறிபோகப் போகிறது.

காரணம், போன சனிக்கிழமை டெஸ்மண்ட் ஹார்க்கின் வீட்டில் நடந்த கூத்து. வாண்டில்லாவில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பெயர், மூன்றடுப்புச் சங்கம். மூன்று அடுப்பு, மூன்று பானை, அசல் நெருப்பு. இப்படிக் காய்ச்சிய பீரைத்தான் அவர்கள் பீர் என்று ஒத்துக்கொள்வார்கள். டெஸ் அதன் தலைவர், மூன்று வருடமாகத் தொடர்ந்து கோப்பை வாங்கியவர். சனிக்கிழமை இருபத்திரண்டு உறுப்பினர்களும் வட்டமாக நிற்க, டெஸ் குனிந்து முதல் அடுப்பைப் பற்ற வைத்தார். நெருப்பு மேலே வருவதற்குப் பதில் அடுப்பின் பின்பக்கமாகப் பாய்ந்தது. டியூப் கருகியது. சங்கத்தின் பெருமையாகிய டெஸ்ஸின் தாடியில் இடது பாதியும் போனது.

"நாலு நாள் முன்னாடி ரெகுலேட்டர் மாத்தினது மிலன். வருஷா வருஷம் ரெண்டாவது பரிசு வாங்குறதும் மிலன். புரியுதா?" என்று டெஸ் அங்கேயே கத்திவிட்டார். திங்களன்று எழுத்திலும் கொடுத்துவிட்டார்.

"நான் வேணும்னு பண்ணேன்னு சொல்றான்" என்றார் மிலன். "அதைக்கூடத் தாங்கிக்குவேன். எனக்கு வேலை தெரியாதுன்னு சொல்றான் பாருங்க, அதான் தூக்கம் வரல. உரிமம் போச்சுன்னா இந்த வயசுல நான் எங்க போய் நிப்பேன்? எனக்குத் தெரிஞ்ச தொழிலே இது ஒண்ணுதான்."

"அடுப்பப் பத்திச் சொல்லுங்க. எனக்குச் சமையல் வராது, அதனால மெதுவா" என்றாள் மெரில்.

மிலன் தன்னுடைய அடுப்புச் சட்டத்தின் அருகே போனார். குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

"சிலிண்டர் கழுத்துல ஒரு திருகு. அதுக்கு அடுத்தது ரெகுலேட்டர். அப்புறம் டியூப். அடுப்புக்கு முன்னாடி இந்த ஊசி வால்வு. பீர் காய்ச்சறதுல உயிர்நாடி இதுதான். கேஸ் ஒரு நூல் கூடினா மால்ட், அதான் முளைகட்டின பார்லி, அந்தக் கஷாயம் பொங்கி வழிஞ்சு தரையெல்லாம் பிசுபிசுக்கும். ஒரு நூல் குறைஞ்சா கொதி அடங்கிடும், பீர்ல வேகவெச்ச சோள வாடை அடிக்கும். அதனால சரியா கொதிக்கிற இடத்தக் கண்டுபிடிச்சதும் வால்வுல ஒரு பொட்டு வெச்சிடுவாங்க. நெயில் பாலிஷ்தான். அதுக்கப்புறம் அந்த வால்வத் தொடவே மாட்டாங்க. பத்த வைக்கிறதும் அணைக்கிறதும் சிலிண்டர் கழுத்துலயே. வால்வத் திருகினா கொதி போச்சு, மறுபடி முதல்லேர்ந்து தேடணும்."

அவருடைய மூன்று வால்விலும் ரோஸ் நிறப் பொட்டு பளபளவென்று இருந்தது.

"மூணு பேரும் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்காங்க" என்றான் நீனோ.

"என் பொண்ணோட பாலிஷ்."

"ரெகுலேட்டர் மாத்தின செவ்வாய்க்கிழமை டெஸ் வீட்டுல வால்வையும் மாத்தினீங்களா?" என்றாள் மெரில்.

"இல்ல, ரெகுலேட்டர் மட்டும். அழுத்தம் அளந்தேன், சோப்புத் தண்ணி தடவிக் கசிவு பாத்தேன். எல்லாம் சரி. எழுதியும் வெச்சிருக்கேன்."

"அடுப்பப் பத்த வெச்சுப் பாத்தீங்களா?"

மிலன் தலையைச் சொறிந்தார். "அங்கதான் மாட்டிக்கிட்டேன். அவன் விடல. பானை கறுத்துடும், சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் நானே பத்த வைக்கிறேன்னான். சரின்னுட்டு வந்துட்டேன்."

"வேற ஏதாவது கண்ணுல பட்டுதா?"

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒருவர் தும்மி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி தும்முகிற நேரம் இருந்தது.

"இல்ல" என்றார் மிலன்.

வெளியே வந்தார்கள். அந்த நாட்டில் டிசம்பர்தான் கோடை; வெயில் தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருந்தது. துணிக்கொடியில் ஒரு பெரிய வெள்ளைப் பை, திரைச்சீலைத் துணியில் தைத்தது, காற்றில் உப்பிக்கொண்டு ஆடியது.

"யாரோட உள்ளாடை இது? யானை வளக்கிறீங்களா?" என்று கேட்டான் நீனோ.

"பழைய திரைச்சீலை" என்று சொல்லி மிலன் அதை அவசரமாக உருவிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மெரில் அந்தக் கக்கத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு காரில் ஏறினாள்.

*

காரில் ரேடியோ அன்றைக்கு மாவட்டம் முழுக்க நெருப்புத் தடை என்று மூன்றாவது முறையாக எச்சரித்துக்கொண்டிருந்தது. வெட்டவெளியில் தீக்குச்சி கிழித்தாலும் அபராதம். நீனோ தன் போனை சார்ஜில் செருகிவிட்டு ஜன்னலை இறக்கினான். இருபுறமும் பீருக்குக் கசப்பு தரும் ஹாப் கொடிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூரை உயரத்துக்கு ஏறியிருந்தன.

"பாஸ், மிலன் எதையோ மறைக்கிறாரு."

"ஆமா."

"அப்போ நாம தப்பான ஆளுக்கு வேலை செய்யறோமா?"

"எதையாவது மறைக்காத ஆளுக்குத்தான் வேலை செய்வேன்னா நான் எப்பவோ பட்டினி கிடந்திருப்பேன். ஒண்ணு சொல்லு. பானை கறுத்துடும்னு அடுப்பையே பத்த வைக்க விடாத ஆளு யாரு?"

"சமைக்கவே சமைக்காத ஆளு" என்றான் நீனோ. சொன்ன பிறகுதான், தான் சொன்னது தமாஷ் இல்லை என்று அவனுக்கே தோன்றியது.

*

டெஸ்மண்ட் ஹார்க் அவர்களை வாசலிலேயே வரவேற்றார். வலது கன்னத்தில் மார்புவரை தாடி, இடது கன்னத்தில் களிம்பு. மிச்சத்தையும் மழித்துவிடலாம்தான். ஆனால் திங்கட்கிழமை விசாரணைக்கு அது சாட்சி என்று பத்திரமாக வைத்திருந்தார். வராந்தாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கோப்பை இருந்தது, அதன் அடியில் மூன்று வருடமும் அவர் பெயர்.

"மிலனுக்காக வந்திருக்கீங்க, தெரியும். வாங்க. ஒளிக்க என்கிட்ட எதுவுமே இல்ல" என்றார்.

'அப்படிச் சொல்கிறவர்கள் வீட்டில்தான் எனக்கு மத்தியானச் சாப்பாடு தவறிப்போகும்' என்று மெரில் அடிக்கடி சொல்வாள். நீனோ தன் வயிற்றைத் தடவிக்கொண்டு பின்னால் போனான்.

கொல்லைப்புறத்துக் கொட்டகையில் இருந்த அடுப்புச் சட்டத்தைப் பார்த்து நீனோ விசில் அடித்தான். பளபளக்கும் எஃகு. மூன்று அடுக்கு, மூன்று பானை. பானையின் அடியில் அவன் முகம் தெரிந்தது, அதுவும் அழகாகவே தெரிந்தது.

"வாராவாரம் காய்ச்சறீங்களா?" என்று கேட்டாள் மெரில்.

"நாலு வருஷமா, ஒரு வாரம் தவறாம."

"அடி இவ்ளோ சுத்தமா இருக்கே!"

"நான் தேய்ப்பேன். ஒழுங்கு வேணும் பாருங்க. ஒழுங்குதான் பீர்."

இதற்குள் டெஸ்ஸின் மனைவி நோலீன் ஒரு தட்டில் டீ கொண்டுவந்தாள். ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. சர்ச் மகளிர் குழுவில் ஞாயிறுதோறும் எல்லாருக்கும் டீ போடுவது அவள்தான் என்று டெஸ் அறிமுகப்படுத்தினார். வேறு தகுதி எதையும் சொல்லவில்லை. நீனோ ஒரு வாய் குடித்தான், இன்னொரு வாய் குடித்தான், புருவத்தை உயர்த்தினான்.

"டீ பிரமாதம்மா. கொஞ்சம் பீர் மாதிரி இருக்கு."

நோலீன் சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சொன்னவன் அதைக் கவனிக்கவில்லை, மெரில் கவனித்தாள். தன் கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு அவள் கொல்லைப்புறத் துணிக்கொடியில் காய்ந்த வெள்ளைத் திரைச்சீலைத் துணியைப் பார்த்தாள். பிறகு வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதன்பின் ஒன்றுமே நடக்காததுபோல் டெஸ்ஸிடம் திரும்பினாள்.

"நெருப்புத் தடை நாளு, பத்த வைக்க வேண்டாம். எப்படிக் காய்ச்சுவீங்கன்னு கைய மட்டும் காட்டுங்க. பத்த வெச்சு, கொதிக்க விட்டு, அணைக்கிற வரைக்கும்."

டெஸ்ஸுக்கு மேடை என்றால் கசக்காது. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"இப்படிக் குனிஞ்சு, இந்த வால்வத் திறப்பேன். கொதி ஏறுதா, லேசாக் குறைப்பேன். அடங்குதா, ஏத்துவேன். வீணை வாசிக்கிற மாதிரி விரல் எப்பவும் வால்வு மேலயே இருக்கணும். முடிஞ்சதா? மூணு வால்வையும் இறுக்கி மூடிட்டு, போய் உக்காந்து ஒரு பீர் குடிப்பேன்."

"பிரமாதம்! சிலிண்டர் கழுத்துல ஒண்ணும் பண்ண வேண்டாமா?"

"எதுக்கு? அது திறந்தே கிடக்கும்."

நீனோ வால்வுகளைக் குனிந்து பார்த்தான். மூன்றும் மொட்டையாக இருந்தன. நாலு வருடம் வாராவாரம் காய்ச்சியவரின் வால்வில் ஒரு பொட்டு இல்லை, ஒரு கீறல் இல்லை. கடையில் தடவிக் கொடுத்த எண்ணெயே இன்னும் விரலில் ஒட்டியது.

"பொட்டு வைக்க மாட்டீங்களா சார்?" என்றான்.

"பொட்டா? எங்க?"

மெரில் முதல் அடுப்பைக் காட்டினாள். "போன சனிக்கிழமை எரிஞ்சது முதல் அடுப்பு. அதைச் சுத்தம் பண்ணிட்டீங்களா?"

"அன்னைக்கே. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சேன்."

"ரெண்டாவதும் மூணாவதும்?"

"அதுங்க எதுக்கு? அதுல ஒண்ணும் ஆகலையே."

"நீனோ, அந்த ரெண்டாவது அடுப்போட பின்வால் இருக்கு பாரு. கேஸும் காத்தும் கலந்து போற குழாய். உள்ள என்ன இருக்குன்னு பாரு."

நீனோ மண்டியிட்டு விரலை விட்டான். விரல் பாதிக்குமேல் போகவில்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் மண்ணால் ஆன ஒரு உருளை முழுசாக வெளியே வந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. சுண்டுவிரல் நீளம், காய்ந்த சேறு, பக்கவாட்டில் மூன்று சின்ன ஓட்டைகள்.

"குளவிக்கூடு" என்றான் நீனோ.

"ஆமா. காலி பண்ணின வீடு" என்றாள் மெரில். "டெஸ், போன கோடையில ஒரு குளவி இதைக் கட்டியிருக்கு. உள்ள முட்டை வெச்சு, அது புழுவாகி, குளிர்காலம் முழுக்கத் தூங்கி, போன மாசம் ஓட்டை போட்டுக்கிட்டு வெளிய பறந்திருக்கு. அதுவரைக்கும் இந்த அடுப்புல ஒரு நாள்கூட நெருப்பு எரியல. எரிஞ்சிருந்தா புழு வறுவலாயிருக்கும். முதல் அடுப்புலயும் இதேதான் இருந்துச்சு. வந்த கேஸுக்கு வழியில்ல, பின்பக்கமா வந்து உங்க தாடியப் பிடிச்சிடுச்சு. இதுல மிலன் எங்க வந்தாரு?"

டெஸ்ஸின் களிம்பு போட்ட கன்னமும் போடாத கன்னமும் ஒரே நிறமாயின.

"அப்படின்னா..." என்று ஆரம்பித்தான் நீனோ.

"அப்படின்னா போன மாசம் கோப்பை வாங்கின பீர் இந்த அடுப்புல காய்ச்சினது இல்ல. திங்கட்கிழமை இதை மட்டும் சொல்லிடுங்க டெஸ். கோப்பை போகும். ஆனா ஒரு மனுஷன் தொழில் தப்பிச்சிடும்."

டெஸ் அந்த மண் உருளையையே பார்த்தார். பிறகு மரியாதையாகக் கையை நீட்டினார்.

"குடுப்பா, பாக்கறேன்."

நீனோ கொடுத்தான். அது அவன் வாழ்க்கையில் செய்த பெரிய தப்புகளில் மூன்றாவதாக வரும். டெஸ் அந்தக் கூட்டைக் கையில் வாங்கி, கண்ணெதிரே பொடிப்பொடியாக நொறுக்கித் தரையில் தூவினார். பிறகு தோட்டத்துக் குழாயை இழுத்துவந்து மூன்றாவது அடுப்பின் வாலில் செருகித் தண்ணீரைத் திறந்துவிட்டார். சேறு பழுப்பாக ஓடி, சாக்கடை வழியே போய்ச்சேர்ந்தது.

"என்ன குளவி? எங்க குளவி?" என்றார் டெஸ். "நான் வாராவாரம் காய்ச்சறவன். மிலன் என் அடுப்பக் கெடுத்தான். திங்கட்கிழமை இதான் என் வாக்குமூலம்."

"நீனோ, போட்டோ எடுத்தியா?" என்றாள் மெரில், திரும்பாமலே.

"போன் கார்ல சார்ஜ் ஏறுது பாஸ்."

"நாடு முழுக்க சோத்துத் தட்டக்கூடப் போட்டோ எடுத்துட்டுத்தான் சாப்பிடுது. என்கிட்ட வந்து சேர்ந்தது நீ."

நீனோ தரையில் கிடந்த பொடியைப் பார்த்தான். திங்கட்கிழமை பத்து மணிக்கு மிலன் தன் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு போய் நிற்பார். காட்ட ஒன்றும் இருக்காது. பதில் சொல்ல நீனோவின் வாயில் தமாஷ் மட்டும்தான் இருந்தது, அதுவும் இப்போது வரவில்லை.

ஆனால் மெரில் டெஸ்ஸைப் பார்க்கவே இல்லை. நோலீனைப் பார்த்தாள்.

"உங்க வீட்டு ஜன்னல் எல்லாத்துலயும் மரப்பட்டை மறைப்புதான் போட்டிருக்கீங்க, துணித் திரையே இல்ல. கொடியில காயுதே அந்தத் திரைச்சீலை, அது எந்த ஜன்னலுக்கு?"

நோலீன் கொடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பை மாதிரி தைச்சிருக்கு. மால்ட்ட அதுல கொட்டி ஒரே பானையில ஊறவெச்சு, தூக்கிப் பிழிஞ்சா, மூணு பானையும் வேண்டாம், மூணு அடுப்பும் வேண்டாம். கொதிக்க வைக்க ஒண்ணு இருந்தாப் போதும். எங்க ஆளு டீயக் குடிச்சிட்டுச் சொன்னானே, அது தமாஷ் இல்லதானே?"

"நோலீன், உள்ள போ" என்றார் டெஸ்.

அது அவர் அன்றைக்குச் செய்த இரண்டாவது தப்பு. நோலீன் தட்டைப் பானையின் மேல் வைத்தாள்.

"பதினோரு வருஷமா உள்ளதான் இருக்கேன் டெஸ்" என்றாள். "வாங்கம்மா, காட்டறேன்."

துணி துவைக்கும் அறையில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே அது நின்றது. நாற்பது லிட்டர் மின்சார டீ பாய்லர். வயிற்றில் சர்ச் மகளிர் குழுவின் பெயர் பொறித்திருந்தது. பக்கத்தில் கம்பளி போர்த்திய ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா. அதன் மூடியிலிருந்து குமிழிகள் நிதானமாக வந்துகொண்டிருந்தன.

"சர்ச்சுல ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வேணும். மத்த நாள்ல என்கிட்ட இருக்கும்" என்றாள் நோலீன். "ஒரு பொத்தான். அமுக்கினா கொதிக்கும். பொங்காது, அடங்காது, தாடி எரியாது. என்ன கழுவினாலும் வாசனை மட்டும் போக மாட்டேங்குது. போன ஈஸ்டருக்குப் பாதிரியார் மூணு கப் டீ கேட்டு வாங்கிக் குடிச்சாரு."

"கோப்பை வாங்கின பீர்?" என்று கேட்டான் நீனோ.

"மூணும் என்னோடது. சங்கத்துல நெருப்புல காய்ச்சினாத்தான் ஒத்துப்பாங்களாம். அதனால அவர் வெளிய நெருப்ப வெச்சுக்கிட்டாரு, நான் உள்ள பீர வெச்சுக்கிட்டேன். எனக்கு அது பெரிசாத் தெரியல." அவள் திரும்பினாள். வாசலில் டெஸ் நின்றிருந்தார். நோலீன் குரலை உயர்த்தவில்லை. "கோப்பையில உன் பேர் இருந்தா இருந்துட்டுப் போகுது. ஆனா அந்தப் பாத்திரத்துக்காக ஒரு மனுஷன் சோத்துல மண்ண அள்ளிப் போடற பாரு, அதுக்கு என் பீர் உதவாது. உங்கம்மா சாகக் கிடந்தப்போ, கிறிஸ்துமஸ் அன்னைக்கு வெந்நீர் ஹீட்டர் நின்னு போச்சே. சாப்பாட்டுலேர்ந்து எழுந்து வந்தது யாரு? உன் சங்கத்துலேர்ந்து யாரு வந்தா?"

"அது வேற விஷயம் நோலீன்..."

"பேப்பர் எடு. நான் சொல்றேன், எழுது. இல்லன்னா நாளைக்குச் சர்ச்சுல ஒவ்வொரு கப் டீயா ஊத்திக்கிட்டே ஒவ்வொருத்தர்கிட்டயா சொல்வேன். பாய்லரையும் காட்டுவேன்."

டெஸ் பேப்பர் எடுத்தார்.

நீனோ காருக்கு ஓடிப்போய் போனை எடுத்துவந்து பாய்லரை, பையை, டப்பாவை, எழுதுகிற டெஸ்ஸை என்று பதினேழு போட்டோ எடுத்தான். பதினெட்டாவதாக, சாக்கடை ஓரத்தில் மிச்சமிருந்த குளவி மண்ணையும் எடுத்தான். அது எதற்கும் உதவாது என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

*

மிலன் அந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். போன சனிக்கிழமைக்கு முன் என் அடுப்புகளை நான் ஒரு நாளும் பற்ற வைத்ததில்லை. குழாய்களில் குளவிக்கூடு இருந்தது. மிலன் யூரிச்சின் வேலையில் எந்தக் குறையும் இல்லை. புகாரைத் திரும்பப் பெறுகிறேன். கீழே டெஸ்ஸின் கையெழுத்து, அதற்குக் கீழே சாட்சியாக நோலீனின் கையெழுத்து, இன்னும் தெளிவாக.

இரண்டாவது தடவை படிக்கும்போது அவர் கண்கள் கலங்கின. மூக்கைத் துடைத்துக்கொண்டு மெரிலின் கையைப் பிடித்து, விடாமல் குலுக்கினார்.

"இன்னொரு நல்ல செய்தியும் இருக்கு சார்" என்றான் நீனோ. டெஸ் ஒப்படைத்த கோப்பையைக் காரிலிருந்து கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். "டெஸ் தலைவர் பதவிய விட்டுட்டாரு. சங்க விதிப்படி முதல் பரிசு செல்லாதுன்னா ரெண்டாவதுக்குப் போகும். மூணு வருஷமும் ரெண்டாவது யாரு? வாழ்த்துகள்."

மிலனின் கை பாதிக் குலுக்கலில் நின்றுபோனது.

"வேண்டாம்" என்றார்.

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். மூணாவது ஆளுக்குக் குடுத்துடுங்க."

மெரில் கொட்டகைக்குள் போய், காலையில் நீனோ உட்கார்ந்திருந்த சிலிண்டரின் சிவப்பு மூடியை விரலால் தட்டினாள்.

"செவ்வாய்க்கிழமை டெஸ்ஸோட வால்வப் பாத்ததுமே உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. நாலு வருஷ வால்வு, பொட்டு இல்ல. அவன் காய்ச்சறதே இல்லன்னு அன்னைக்கே தெரியும். அதைச் சொல்லியிருந்தா இந்த வழக்கே இல்ல. ஏன் மிலன் சொல்லல?"

மிலன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"சொன்னா, உன் கொட்டகையக் காட்டுன்னு கேப்பாங்களே" என்றார் மெல்லிய குரலில். "காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கேஸோட மல்லுக்கட்டறவன் நான். வீட்டுக்கு வந்தும் அதையே கட்டிக்கிட்டு அழணுமா? துவைக்கிற ரூம்ல ஒரு பாய்லர் வெச்சிருக்கேன். மின்சாரம்தான்."

"ஆனா உங்க வால்வுல பொட்டு இருக்கே!" என்றான் நீனோ.

"நானே வெச்சேன். யாராவது பாத்தா சரியா இருக்கணும்ல."

"பாத்தியா நீனோ? பொய் சொல்றதுலயும் தொழில் தெரிஞ்சவன் வேலை தனி" என்றாள் மெரில். பிறகு குரலை இறக்கினாள். "கேஸ்காரன் மின்சாரத்துல பீர் காய்ச்சறான்னு நாலு பேர் சிரிப்பாங்க. அதுக்குப் பயந்து இருபத்தாறு வருஷத் தொழில விட்டுக்குடுக்கப் பாத்தீங்களே."

மிலன் தலை நிமிரவில்லை. அவமானமாகத்தான் இருந்திருக்கும், காதுவரை சிவந்திருந்தது.

"சரி, மூணாவது யாரு? அவருக்கே போன் பண்ணிடலாம்" என்றான் நீனோ, சூழ்நிலையைத் தேற்றுவதற்காக.

"கொஞ்சம் இருங்க" என்றார் மிலன். விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். "இருபத்திரண்டு பேருக்கும் கேஸ் போட்டுக் குடுத்தது நான்தான். வாராவாரம் காய்ச்சினா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ டியூப் மாத்தணும். நாலு வருஷமா டியூப் மாத்தணும்னு..." விரல்கள் நின்றன. "ஒருத்தன்கூட என்னைக் கூப்பிடல. டெஸ்ஸுக்குக்கூட ரெகுலேட்டர் துரு பிடிச்சதாலதான் மாத்தினேன்."

மெரில் வெளியே பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே துணிக்கொடியில் வெள்ளைப் பை மறுபடி வந்து காய்ந்துகொண்டிருந்தது. மெரில் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்து, திங்கட்கிழமை ஒன்பதரைக்கு விசாரணை நடக்கும் அலுவலக வாசலில் நிற்கும்படி மிலனிடம் சொன்னாள்.

"அப்போ கோப்பைய யார்கிட்ட குடுக்கறது?" என்றார் மிலன்.

நீனோ கோப்பையைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"குளவிக்குக் குடுத்துடலாம் சார். இந்தச் சங்கத்துல அடுப்ப நேர்மையா உபயோகிச்சது அது ஒண்ணுதான்."